உண்பதும் ஒரு நோன்பே



தமிழ்ச் சமணர் யாவரும் அறிந்த தலம் சித்தன்னவாசல். அக்குன்றின் மீதுள்ள ஏழடிப்பட்டம் என்னும் குகைத்தளத்தில் 17 கற்படுக்கைகள் உள்ளன. தலைப்பக்கம் சற்றே உயர்த்தி வழவழப்பாகச் செதுக்கப்பெற்ற அப்படுக்கைகளில், ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே துறவியர் தங்கி, உணவைச் சுருக்கி, உடலை ஒடுக்கித் தவம் இயற்றினர்.

அங்கிருந்து ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவில் புதுக்கோட்டை நகரம் உள்ளது. சுற்றுவட்டாரத் தாய்மார் நெடுங்காலமாக நாடிய இராணியார் மருத்துவமனை அந்நகரைச் சார்ந்தது. அரசு மருத்துவக் கல்லூரியும் அங்கே 2017இல் தொடங்கப்பெற்றது. அந்நகரின் மகப்பேற்றுப் பிரிவுகளிலும் படுக்கைகள் உள்ளன. சிக்கலான சூல் கொண்ட தாய்மார் நாள்கணக்கில், சில வேளை வாரக்கணக்கில், அவற்றில் காத்திருக்கின்றனர். குன்றின் படுக்கையில் உணவைத் துறத்தல் நோன்பாயிற்று. மருத்துவமனைப் படுக்கையிலோ உணவை ஏற்றலே நோன்பாகிறது. இவ்வேறுபாட்டை உணராத குடும்பத்தில் இரண்டு உயிர்கள் இடருக்கு உள்ளாகின்றன.

இவ்வூர் மகப்பேற்று மருத்துவத்துக்கு அளித்த கொடை பெரிது. மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி 1886இல் புதுக்கோட்டையில் பிறந்தார். பெண்ணுக்கு இடமில்லை என்ற எதிர்ப்பையும் கடந்து மகாராஜா கல்லூரியில் பயின்றார்; 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். ஏழைத் தாய்மார்க்குத் தமிழக அரசு வழங்கும் மகப்பேறு நிதியுதவித் திட்டம் இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

இல்லங்களில் நிகழ்வது யாது? ஏழாம் மாதத்தில் ஒரு மருமகளுக்கு இரத்த அழுத்தம் 140/90 என்னும் அளவைத் தாண்டுகிறது, சிறுநீரில் புரதம் தென்படுகிறது, கால்கள் வீங்குகின்றன. மருத்துவர் உள்நோயாளியாகச் சேரச் சொல்கிறார். நான்கு நாள் கழிந்ததும், "உடம்புக்கு ஒன்றும் இல்லையே, வீட்டிலேயே படுத்திருக்கலாமே" என்ற பேச்சு எழுகிறது. மற்றொருபுறம், "எந்த வினையோ!" என்ற முணுமுணுப்பும் கேட்கிறது. அப்பெண்ணோ தன்னால் எல்லோருக்கும் தொல்லை என்றெண்ணி, எழுதிக் கொடுத்துவிட்டு வீடு திரும்பத் துணிகிறாள்.

இந்நோயின் தொடக்கம், கருவுற்ற முதல் மாதங்களில் நஞ்சுக்கொடி கருப்பையில் பற்றும் முறையிலேயே அமைந்துவிடுகிறது. தாய் செய்த வேலையோ, உண்ட உணவோ, நினைத்த நினைவோ அதற்குக் காரணம் ஆகாது. வெளிக்கு நலமாகத் தோன்றும் பெண்ணுக்கும் திடீரென வலிப்பு வரலாம். கடும் தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி ஆகியன அதன் முன்னறிவிப்புகள். வலிப்பைத் தடுக்கும் மருந்தும் அழுத்தத்தைக் குறைக்கும் மருந்தும் உரிய நேரத்தில் கிடைக்க வேண்டியே அவளை அங்கே இருத்துகின்றனர். குழந்தை முன்கூட்டியே பிறக்க நேரின், அதன் நுரையீரல் முதிர்வதற்காகத் தாய்க்கு ஊசி செலுத்துவர். அது பயன் தர ஓரிரு நாள் வேண்டும். காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் குழந்தையின் வளர்ச்சிக்குத் துணை செய்கிறது. வினைக்கொள்கை தன்னைத் தானே ஆராய்ந்து திருந்துவதற்கு வகுக்கப்பட்டது. படுக்கையில் கிடக்கும் பெண்ணின்மீது பழி சுமத்த அதனைக் கருவியாக்குதல் அறமாகாது.

உணவுச் சிக்கல் சமணக் குடும்பங்களுக்கே உரியது. கதிரவன் மறைந்தபின் உண்ணாமை போற்றத்தக்க ஒழுக்கம். ஆயினும் மாலை ஆறு மணிக்கு உண்டு மறுநாள் காலை வரை வெறும் வயிற்றுடன் இருத்தல், இன்சுலின் பெறும் கருவுற்ற தாய்க்கு ஏற்றதன்று. சர்க்கரை அளவு இரவில் மிகத் தாழ்ந்துவிடலாம். ஆகவே, சேர்ந்த நாளிலேயே இவ்வழக்கத்தை மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லுதல் வேண்டும். மருந்து நேரத்தை மாற்ற இயலுமாயின் அவர் மாற்றுவார். இயலாதெனில் இரவில் பாலும் சிற்றுணவும் ஏற்பதே கடமை. மறைவாக உணவைத் தவிர்த்துவிட்டு, "உண்டேன்" என்று செவிலியரிடம் சொல்லுதல் நோன்பும் ஆகாது, வாய்மையும் ஆகாது. தீர்த்தங்கரர் நிலைக்கு வழிகாட்டும் பதினாறு பாவனைகளுள் ஆற்றலுக்கேற்ற தவமும் ஒன்று. ஆற்றலை அளந்து செய்தலே தவம் என்பது ஆன்றோர் கண்ட நெறி.

கிழங்கும் வெங்காயமும் நீக்கிய உணவிலும் தாய்க்கு வேண்டிய சத்து உண்டு. பாசிப்பயறு, கொண்டைக்கடலை, கீரை, தயிர் ஆகியவற்றை வீட்டினர் சமைத்துக் கொண்டு செல்லலாம். உப்பும் சர்க்கரையும் எவ்வளவு என்பதை மருத்துவரிடம் கேட்டறிதல் நன்று. இரும்புச்சத்து மாத்திரையைப் பாலுடனோ தேநீருடனோ விழுங்கலாகாது. எலுமிச்சைச் சாற்றுடன் கொள்ளின் உடலில் நன்கு சேரும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் போன்ற சில மருந்துகள் விலங்கிலிருந்து பெறப்படுவன. மனம் உறுத்தினால் மாற்று மருந்து உண்டா என்று கேட்கலாம். இல்லையென்றால், இரு உயிர் காக்கும் பொருட்டு அதனை ஏற்றலே அருள்நெறி.

தாய்க்கு இவ்வாறு ஒரு நோன்பு உண்டெனின், குடும்பத்தார்க்கும் ஒன்று உண்டு. அகத்தவம் ஆறனுள் வையாவிருத்தியம் ஒன்று. நோயுற்ற அறவோர்க்குத் தொண்டு செய்தல் அது. நோயாளியின் உடலைக் கண்டு அருவருப்புக் கொள்ளாமை நற்காட்சியின் எட்டு உறுப்புகளுள் ஒன்று. அதற்கு எடுத்துக்காட்டாக உத்தாயண மன்னனைச் சான்றோர் காட்டுவர். துறவியர்க்கு உரைத்த இத்தொண்டினை இல்லத்துப் பெண்ணுக்கும் செய்தல் தகும். படுக்கையருகே கணவன் அமர்தல், மூத்த குழந்தையை மாமியார் பேணுதல், காலைப் பிடித்துவிடுதல், மருத்துவர் அனுமதித்த அளவில் கைபிடித்துச் சிறிது நடக்கச் செய்தல் ஆகிய யாவும் தவமே. நாள் முழுதும் அசையாது கிடப்பின் காலில் இரத்தம் உறையக்கூடும் என்பதால் அந்நடையும் மருந்தாகிறது. குழந்தையின் அசைவைத் தாய் நாள்தோறும் கவனித்து, குறைந்தால் உடனே செவிலியரிடம் கூறவும் துணையிருப்போர் நினைவூட்டுதல் வேண்டும்.

நஞ்சுக்கொடி கருப்பையின் வாயை மறைத்துக் கிடக்கும் தாய்க்கு எந்நேரமும் உதிரம் பெருகலாம். அவளுக்காக இரத்தம் ஆயத்தமாக இருத்தல் வேண்டும். உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம் என்னும் நால்வகைத் தானங்களுள் மருந்தும் அடைக்கலமும் ஒருங்கே அமைந்தது குருதிக்கொடை. திருவிழாவுக்குத் திரளும் இளைஞர் தத்தம் இரத்த வகையை அறக்கட்டளையில் பதிந்து வைப்பின், நள்ளிரவில் ஒரு தந்தை தெருத்தெருவாக அலைய நேராது.

செலவு கருதி அஞ்சுவோரும் உளர். அரசு மருத்துவமனைகளில் பிரசவம், அறுவைச் சிகிச்சை, மருந்து, இரத்தம், உணவு, வாகனம் ஆகியன கருவுற்ற தாய்க்குக் கட்டணமின்றி வழங்கப்படும் திட்டம் 2011 ஜூன் முதல் நடைமுறையில் உள்ளது. அவசரத்துக்கு 108 உண்டு. பணம் இல்லை என்பதற்காக எந்தத் தாயும் பாதியில் வீடு திரும்ப வேண்டியதில்லை.

ஏழடிப்பட்டத்துத் துறவியர் தனித்துத் தவம் இயற்றினர். அது அவர்கள் விரும்பி ஏற்ற தனிமை. மகப்பேற்றுப் படுக்கையில் கிடக்கும் தாய் தனிமையை விரும்பி ஏற்றவள் அல்லள். அவள் உண்ணும் ஒவ்வொரு கவளமும் அகிம்சையின் செயல். அவளருகே விழித்திருக்கும் ஒவ்வோர் இரவும் அதன் மறுபாதி. இவ்விரண்டும் இணையும் இல்லங்களில் தாயும் சேயும் நலமுற்று வாழ்க! எல்லா உயிரும் இன்புறுக!