விரலுக்கு ஜாதி உண்டா?



ஜாஸ் சங்கீதமானது அமெரிக்கக் கறுப்பு மக்கள் உண்டாக்கிய கலையாகும். அதில் மெட்டும் தாளமும் பெரும்பாலும் முன்கூட்டி ஏற்பட்டிருக்கும். மற்றதில் பெரும்பகுதி ஒருவர் வாசிப்பதை மற்றவர் கேட்டு, மேடையிலேயே கற்பித்துக் கொள்வதாகும். இது தெய்வ கடாட்சமல்ல. காதும் கையும் அறிவும் பழகிச் செய்யும் வேலையே.

பியானோக்காரரான டேவ் புரூபெக்கின் கோஷ்டியில் நால்வர். சாக்ஸபோனுக்கு பால் டெஸ்மாண்ட். டிரம்முக்கு ஜோ மொரெல்லோ. பாஸுக்கு யூஜீன் ரைட். ரைட் ஒருவர் மாத்திரமே கறுப்பர். 1960-ல் தென் மாகாணங்களில் 25 கல்லூரிகளில் கச்சேரி ஏற்பாடாயிற்று. ரைட்டை நீக்கி வெள்ளையரை வைத்தாலன்றி இடமில்லை என்று 20-க்கு மேற்பட்டவை சொல்லிவிட்டன. புரூபெக் மறுத்தார். கச்சேரிகள் போயின, பல்லாயிரம் டாலரும் போயிற்று, மானம் மிஞ்சிற்று.

கறுப்பர் கண்ட சங்கீதம் வேண்டுமாம். கறுப்பர் மாத்திரம் வேண்டாமாம்! இதைச் சொன்னவை கல்விச்சாலைகளாம்! கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் தந்தி மீட்டும் விரலின் நிறம் தெரியுமா என்று கேட்கின்றோம். ஒருவரையொருவர் கேட்டே வாசிக்க வேண்டிய கோஷ்டியில், ஒருவரை இழிவுபடுத்திவிட்டு மற்றவர் எதை வாசிப்பது?

பிறப்பைப் பார்த்து மனிதனைத் தள்ளுகிறவர்களுக்கு அவன் கலையை மெச்ச யோக்கியதை இல்லை என்பதே நமது அபிப்பிராயம்.