சாவிக்கொத்து யார் இடுப்பில்?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

"நீ கம்ப்யூட்டர் துறையில இருக்கே, அதைப் பத்தியே பேசு" என்று சங்கச் செயலாளர் சொல்லிவிட்டார். நான் செய்த ஒரு தவறிலிருந்தே தொடங்குகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் பாடாலூர். போன பொங்கலுக்கு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். வீட்டில் ஒரே ஒரு கம்ப்யூட்டர். மச்சானின் சின்ன வெங்காய வியாபாரக் கணக்கு, அக்காவின் பேங்க் விவரம், ஆதார் நகல் எல்லாம் அதில்தான். பிளஸ் டூ படிக்கும் அக்கா மகன் வந்து, "மாமா, புது கேம் போடறேன். பாஸ்வேர்ட் கேக்குது. அப்பா உங்களைப் போடச் சொன்னாரு" என்றான். காபி குடித்துக்கொண்டே அடித்தேன். 'சம்மதம்' என்ற பட்டனையும் நானே அழுத்தினேன். ஒரு வரிகூடப் படிக்கவில்லை. பத்து வருஷத்துக்கு மேல் மென்பொருள் எழுதிச் சம்பளம் வாங்குகிறவன் நான்! இரவு படுத்த பிறகுதான் உறைத்தது.

விஷயம் இதுதான். இணையத்தில் பலர் சேர்ந்து ஆடும் சில விளையாட்டுகளோடு, கள்ள ஆட்டத்தைப் பிடிக்கும் காவல் மென்பொருள் ஒன்றும் வருகிறது. அது இல்லாமல் ஆட முடியாது. ரயட் கேம்ஸ் நிறுவனம் 2020இல் வேலரண்ட் விளையாட்டோடு கொண்டுவந்த வேன்கார்ட் அப்படிப்பட்டது. சாதாரண மென்பொருள் திண்ணையில் உட்காரும் விருந்தாளி. இதுவோ கெர்னல் என்னும் உள்ளறைக்கே போய், வீட்டுச் சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொள்கிறது. விளையாடாத நேரத்திலும், கம்ப்யூட்டரைப் போட்டவுடனேயே விழித்துக்கொள்கிறது.

நிறுவனங்கள் சொல்லும் நியாயமும் உண்டு. திருடன் உள்ளறைக்குள் புகுந்துவிட்டால், காவல்காரன் வாசலில் நின்று என்ன பயன் என்கிறார்கள். தேவைக்கு மேல் எதையும் எடுப்பதில்லை என்றும் சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனால் காவல்காரன் நல்லவனாக இருந்தால் மட்டும் போதாது, அவன் சாவி தொலையாமலும் இருக்க வேண்டும். கென்ஷின் இம்பாக்ட் விளையாட்டின் காவல் டிரைவரைக் கொண்டே ஆன்டிவைரஸை நிறுத்திவிட்டு, ஒரு கும்பல் கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் மென்பொருளை ஏவியதை 2022இல் ட்ரெண்ட் மைக்ரோ வெளிப்படுத்தியது. அந்த விளையாட்டே இல்லாத கம்ப்யூட்டரிலும் அந்த டிரைவரைக் கொண்டுபோய் வைத்து இதைச் செய்ய முடியும்.

நம் நாட்டிலும் இது புதிதல்ல. 2020 செப்டம்பர் 2இல் பப்ஜி மொபைல் உட்பட 118 செயலிகளை மத்திய அரசு தடை செய்தபோது, பயனாளர் விவரங்கள் வெளிநாட்டு சர்வர்களுக்குப் போவதாக வந்த புகார்களையும் ஒரு காரணமாகச் சொன்னது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் 2017இல் தீர்ப்பளித்தார்கள். 18 வயது நிரம்பாதவரின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது 2023ஆம் ஆண்டுச் சட்டம். நல்ல சட்டம்தான். ஆனால் அந்த ஒப்புதலைக் காபி டம்ளரும் கையுமாகக் கொடுத்தால், சட்டம் என்ன செய்யும்?

மறுநாள் பையனிடம் சொன்னேன். "நம்மகிட்ட அப்படி என்ன ரகசியம் இருக்கு மாமா?" என்றான். "உன்கிட்ட இல்லடா. அந்தக் கணக்குல செட்டிக்குளத்துக்காரங்க எத்தனை பேரோட போன் நம்பர், பேங்க் நம்பர், பாக்கி இருக்கு? அது நாம தூக்கிக் கொடுக்கற சொத்தா?" என்றேன். பேசாமல் இருந்தான்.

விளையாட்டை நான் பிடுங்கவில்லை. என் பழைய லேப்டாப்பைச் சுத்தம் செய்து, கணக்கையெல்லாம் அதற்கு மாற்றிக் கொடுத்தேன். ஒரே கம்ப்யூட்டரில் தனித்தனி யூசர் வைத்தால் போதாது, உள்ளறையில் இருப்பவனுக்கு எல்லா அறையும் திறக்கும். விளையாட்டை நீக்கினால் காவல் மென்பொருளும் போய்விடும் என்று நினைக்காதீர்கள். வேன்கார்டைப் போல அதைத் தனியாக நீக்க வேண்டியிருக்கும்.

தம்பி தங்கைகளே, நாளைக்கு இத்தகைய மென்பொருளை எழுதப் போகிறவர்கள் நீங்கள். எதற்கு அனுமதி கேட்கிறோம் என்பதை ஒரு வெங்காய வியாபாரிக்குப் புரியும்படி நாலு வரியில் எழுதுங்கள். எழுத முடியவில்லையென்றால், கேட்கக்கூடாததைக் கேட்கிறீர்கள் என்று அர்த்தம்.