களியும் நீரிழிவும்



தருமபுரியில் நின்று கேழ்வரகின் பெருமை பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பது போன்றதே. ஆயினும் பேசவேண்டிய நிலை வந்துவிட்டது. 2023ஆம் ஆண்டில் இம்மாவட்டத்திலும் நீலமலையிலும் பங்கீட்டுக் கடைகளில், அட்டைக்கு 2 கிலோ அரிசிக்கு மாற்றாக 2 கிலோ கேழ்வரகு வழங்கத் தொடங்கியது தமிழ்நாட்டரசு. கேழ்வரகு விளைத்தவன் வீட்டுக்கே அதனைக் கடைவழியாக மீட்டுக் கொணரவேண்டியதாயிற்று! சோறு உயர்வு, களி இழிவு என்று கொண்ட மயக்கத்தின் விளைவன்றோ இது?

அதே ஆண்டில் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, இந்தியாவில் நீரிழிவுற்றோர் 10 கோடிக்கு மேல் என்றுரைத்தது. உடனே, 'களிக்குத் திரும்பினால் நோய் ஓடிவிடும்' என்னும் முழக்கம் எழுகின்றது. அதை நம்பி, மருத்துவர் தந்த வில்லைகளை எறிந்துவிட்டு வேளைக்கு இரண்டு உருண்டை உண்போரும் உளர். தாய்மண்ணின் உணவு என்பதற்காக அதன்மேல் பொய்யை ஏற்றலாகாது. அப்பொய்க்குக் கண்ணும் சிறுநீரகமும் காலும் விலையாகிவிடும்.

100 கிராம் தீட்டிய அரிசியில் மாவுப்பொருள் ஏறத்தாழ 78 கிராம். நார்ப்பொருள் 3 கிராமும் நிரம்பாது. கேழ்வரகிலோ மாவுப்பொருள் 67 கிராம், நார்ப்பொருள் 11 கிராம். சுண்ணாம்பு மிகுதி. நன்று! ஆயினும் 67 கிராம் என்பது சிறிதன்று. அதுவும் குருதியில் சருக்கரையாகத்தான் சேரும். முன்னோர் இரண்டு உருண்டை உண்டு பொழுது சாயுமட்டும் ஏர் பிடித்தனர். இன்று பாலக்கோட்டிலிருந்து ஓசூருக்குப் பேருந்தில் அமர்ந்து சென்று, தொழிற்சாலையிலும் அமர்ந்தே பணிசெய்பவனுக்கு அவ்வளவு எதற்கு? சிறிய உருண்டை ஒன்று போதும். அதுவும் சோற்றுக்கு மாற்றாக. சோற்றுக்கு மேலாக அன்று. களியில் இடும் நொய்யும் அரிசியே என்பதை மறவற்க.

நுண்ணிதாக அரைத்துக் காய்ச்சிய கூழ், களியைவிட விரைந்து குருதியில் ஏறும். அதில் வெல்லம் கரைத்துக் குடிப்போர், 'நாட்டு வெல்லந்தானே' என்பர். நாட்டு வெல்லமும் சருக்கரையே. கணையம் ஊர் பார்ப்பதில்லை.

இம்மாவட்டத்து மானாவாரிக் கொல்லைகளைப் பாருங்கள். கேழ்வரகுச் சாலிடையே அவரை நிற்கும். கொல்லையில் சேர்ந்து விளைந்தவை தட்டிலும் சேர்ந்திருத்தல் வேண்டும். தட்டில் பாதி கீரையும் காயும். கால் பங்கு அவரையோ கொள்ளுக் கடையலோ. எஞ்சிய காலே களிக்கு. இவ்வாறு உண்டால் சருக்கரை மெல்ல ஏறும், பசியும் அடங்கும். சாமைச் சோற்றுக்கும் இதே அளவுதான்.

வில்லையை நிறுத்துவதும் குறைப்பதும் மருத்துவர் முடிவு. வில்லையோ ஊசியோ எடுப்போர், நோன்பென்றும் வேலையென்றும் வேளை தவறவிடலாகாது. கை நடுங்கி, வியர்த்து, கண் இருண்டால் குருதியில் சருக்கரை தாழ்ந்துவிட்டது என்று பொருள். அப்போது களி கிண்டிக்கொண்டிருக்க நேரமில்லை. உடனே மூன்று சிறுகரண்டிச் சருக்கரையை நீரில் கரைத்துக் குடித்தல் வேண்டும். கொல்லைக்குப் போவோர் மடியில் ஒரு சிறு பொட்டலம் முடிந்து வைத்திருப்பாராக.