பசுவுக்கும் ஊறுகாய் போடுவோம்

(கப்பலூரில் குழு உறுப்பினர்கள் கூட்டத்தில் பேசியதிலிருந்து)



மாட்டுக் கடன் தவணை பன்னிரண்டு மாசமும் வருது. பால் மட்டும் பங்குனி, சித்திரையில் குறைஞ்சு போகுது. பச்சைத் தீவனம் இல்லாததுதான் காரணம். 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழகத்தின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி மாவட்டமாக அறிவித்தார்கள். அந்தக் கோடையில் வைக்கோலுக்கு நாம அலைஞ்சது மறக்குமா?

மழைக்காலத்தில் மிஞ்சுகிற தீவனத்தை ஊறுகாய்ப்புல்லாகப் போட்டு வைக்கலாம். சைலேஜ் என்பது இதுதான். காற்றுப் புகாமல் அடைத்தால், புல்லில் உள்ள இனிப்பை நுண்ணுயிர்கள் புளிப்பாக்கும். அந்தப் புளிப்பு தீவனத்தைக் கெடாமல் காக்கும். பால் தயிராகிற மாதிரிதான்.

மக்காச்சோளத்தில் அந்த இனிப்பு தானாகவே இருக்கு. நாம வளர்க்கிற கம்பு நேப்பியரில் தண்ணீர் அதிகம், இனிப்பு குறைவு. அப்படியே அடைத்தால் அழுகிடும். அதனால் அறுத்து அரை நாள் வாடவிட்டு, ஓர் அங்குலத் துண்டுகளாக நறுக்கணும். 100 கிலோ புல்லுக்கு 2 கிலோ வெல்லத்தைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, 1 கிலோ உப்பும் தூவணும். கறுத்த மட்ட வெல்லமே போதும். சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு கிடைத்தால் அதுவும் சரி.

புண்ணாக்குச் செலவைக் குறைக்க வேலிமசால், அகத்தித் தழையும் கலக்கலாம். மூன்று பங்கு புல்லுக்கு ஒரு பங்கு தழை. புரதம் நிறைய இருக்கேன்னு தழையை மட்டும் போட்டுவிடக் கூடாது. புரதம் மிகுந்த தழை லேசில் புளிக்காது. தழை சேர்த்தால் வெல்லத்தைக் குறைக்கவே கூடாது.

குழி வெட்ட இடமில்லாதவங்களுக்கு 200 லிட்டர் மூடி போட்ட பிளாஸ்டிக் டிரம் போதும், சுமார் 100 கிலோ பிடிக்கும். தொழிற்பேட்டை பக்கத்திலேயே இருக்கு, பழைய டிரம் மலிவு என்று கெமிக்கல் வந்த டிரம்மை வாங்கிடாதீங்க. அடுக்கடுக்காகப் போட்டு நன்றாக மிதிச்சு அமுக்கி, மூடியை இறுக்கணும். இடையில் திறந்து பார்க்கிற ஆசையை அடக்கிக்கணும்!

45 நாள் கழித்துத் திறந்தால் மஞ்சள் கலந்த பச்சை நிறமும் பழப்புளிப்பு வாசனையும் இருக்கணும். கறுத்து நாறினால், பூஞ்சை பிடித்திருந்தால் எருக்குழியில் கொட்டிடுங்க. சினை மாட்டுக்கு அதைக் காட்டவே வேண்டாம். நல்ல தீவனத்தை முதலில் 2 கிலோ கொடுத்துப் பழக்கி, நாளுக்கு 10 கிலோ வரை ஏற்றலாம். ஒரு மாட்டுக்கு ஒரு டிரம் பத்து நாள்தான் வரும். கோடை முழுக்கக் காணாது, கடுமையான வாரங்களுக்கு உதவும். பால் கறந்த பிறகே போடுங்க. முன்னால் போட்டால் பாலில் அந்த வாசனை ஏறிடும், சொசைட்டியில் கேள்வி வரும்.