மாணவரும் கணிப்பொறித் தொழிலும்
(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இன்று நம் காலனியில் எந்தப் பிள்ளையைக் கேட்பினும், "கணிப்பொறித் துறைக்குச் செல்வேன்" என்பதே விடை. மகிழத்தக்க ஆசைதான். ஆனால், கூட்டுறவுக் கடன் சங்கத்தில் கடன் வாங்கி, "ஆறு மாதத்தில் வேலை உறுதி" என்னும் விளம்பரத்தை நம்பிக் கட்டிவிடுகின்றோமே, அதுதான் கவலைக்குரியது. சான்றிதழ் விலைக்குக் கிடைக்கும், தேர்ச்சி கிடைக்குமா?

மென்பொருள் என்பது யாது? ஒரு வேலையின் விதிகளைக் கணிப்பொறிக்கு ஐயமற எழுதித் தருவதே. பத்தாவதோடு படிப்பை நிறுத்தி ரயில்வேயில் குமாஸ்தாக்களாய்ச் சேர்ந்த நமக்கும் இது விளங்காததன்று. பேரேட்டில் கையால் எழுதிவந்த முன்பதிவு, 1980களின் நடுவில் புதுதில்லியில் கணிப்பொறிக்கு மாறிற்று. 2002இல் இணையத்தின் வழியே பயணச்சீட்டுப் பெறும் வசதியும் வந்தது. கருவி மாறினும், விதி அறிந்தவர் தேவை மாறவில்லை.

ஆகவே, மாணவர்களுக்கு ஒரு பயிற்சி சொல்வோம். பழைய வகை இரண்டாம் வகுப்புப் படுக்கைப் பெட்டியில் 72 படுக்கைகள். உறுதியான சீட்டு ஒன்று ரத்தானால், ஆர்.ஏ.சி.யில் முதலில் நிற்பவர் படுக்கை பெறுவார். காத்திருப்போரில் முதல்வர் ஆர்.ஏ.சி.க்கு ஏறுவார். ஒரே சீட்டில் பயணம் செய்யும் நால்வரில் ஒருவர் மட்டும் விலகினால் என்ன ஆகும்? இதைப் பைத்தான் மொழியில் எழுதிப் பாருங்கள். அம்மொழிக்குக் கட்டணமில்லை. பட்டியல், வரிசை, நிபந்தனை மூன்றும் இதிலேயே கைவரும்.

"செயற்கை நுண்ணறிவு நொடியில் எழுதித் தருமே!" என்பீர்கள். தரும். எழுதியது சரியா என்று சோதிப்பவர் யார்? ஒவ்வொரு வரியையும் விளக்க வல்லவரே. நேர்முகத் தேர்விலும் அவரே நிற்பார். அதற்குக் கணிதமும், தெளிவாகப் பேசும் ஆற்றலும் வேண்டும்.

கற்க வழியும் உண்டு. ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் தரும் என்.பி.டி.இ.எல். பாடங்களை இலவசமாகக் கேட்கலாம். தேர்வெழுதிச் சான்று பெறவே கட்டணம். சென்னை ஐ.ஐ.டி. தொடங்கிய தரவு அறிவியல் இணையவழிப் படிப்பில், நான்கு வாரப் பாடம் பயின்று, தகுதித் தேர்வில் தேறியும் சேரலாம். கடன் வாங்குமுன் இவற்றை விசாரியுங்கள்.

தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள்: வீட்டிலுள்ள ஒரே கணிப்பொறி அண்ணனுக்கு மட்டும் உரியதாகிவிடலாகாது. தங்கை அடுக்களையில் இருக்கும் நேரத்தில் ஒரு மணியேனும் அவளுக்கும் ஒதுக்குங்கள்.

கணிப்பொறி இல்லா வீடுகளும் நம் காலனியில் உள. சங்க நூலகத்தில் ஒன்று வைத்து, மாலைதோறும் பிள்ளைகளுக்குத் திறந்துவிடுவோமாயின், அடுத்த ஆண்டு விழாவில் இம்மேடையில் நம் பிள்ளைகளே தாம் செய்ததைக் காட்டிப் பேசுவார்கள். அதற்கு இன்றே முடிவு செய்வோம்.