சாமியா, சம்பாத்தியமா?

(பாடாலூரில் நடந்த கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



குழுக் கூட்டங்களுக்குப் போகும்போது இரண்டு விதமான பேச்சு நம் காதில் விழுகிறது. "பொம்பளைக்குக் கோயில், குளம்னு இருந்தா போதாதா, கடை வச்சு அலையறது பேராசை" என்பது ஒன்று. "விரதம், நடைப்பயணம்னு கிளம்பிட்டா தவணையை யாரு கட்டுறது?" என்பது இன்னொன்று. இரண்டிலும் திட்டு வாங்குவது நாம்தான்!

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதை ஆரம்பித்த டாக்டர் ஜி. வெங்கடசாமி 1918-இல் எட்டயபுரம் பக்கம் வடமலாபுரம் கிராமத்தில் பிறந்தவர். பிரசவம் பார்க்கும் டாக்டராக வேண்டும் என்று ஆசைப்பட்டார். ஆனால் முடக்குவாதம் வந்து கைவிரல்கள் கோணிப் போய்விட்டன. அந்த விரல்களை வைத்தே கண் ஆபரேஷன் பழகினார். வாழ்நாளில் ஒரு லட்சம் ஆபரேஷனுக்கு மேல் செய்திருக்கிறார்.

அவர் புதுச்சேரி அரவிந்தர் வழியைப் பின்பற்றியவர். 1976-இல், 58 வயதில், அரசு வேலையில் ஓய்வு பெற்றார். ஆசிரமத்தில் போய் அமைதியாக உட்கார்ந்திருந்தால் யார் குறை சொல்லியிருப்பார்கள்? அவரோ கூடப் பிறந்தவர்களைச் சேர்த்துக்கொண்டு 11 படுக்கையோடு ஆஸ்பத்திரி தொடங்கி, அதற்கு அரவிந்தர் பெயரையே வைத்தார். சரி செய்யக்கூடிய குறையால் ஒருவரும் பார்வை இழந்து கிடக்கக் கூடாது என்பது அவர் ஆசை. சின்ன ஆசையா அது? காசு உள்ளவரிடம் கட்டணம் வாங்கி, இல்லாதவருக்கு இலவசமாகச் செய்தார்கள். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் விலை அதிகம் என்றதும், 1992-இல் ஆரோலேப் தொடங்கிக் குறைந்த செலவில் தாங்களே தயாரித்தார்கள். 2006-இல் அவர் காலமானார். நோயாளிக்குச் செய்யும் வேலையே அவருக்குத் தியானத்தின் ஒரு பகுதியாக இருந்தது.

"அவர் கல்யாணம் செய்துகொள்ளாதவர், அடுப்பு இல்லை, பிள்ளை இல்லை" என்று நீங்கள் சொல்லலாம். நியாயம்தான். ஆனால் அவர் தங்கை டாக்டர் நாச்சியார் குடும்பத்தோடு இருந்துகொண்டே அங்கே ஆபரேஷன் செய்தார். கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்துக் கண் செவிலியர்களாக ஆக்கியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த ஆஸ்பத்திரியே அந்தப் பெண்களை நம்பித்தான் நடக்கிறது.

நம் ஊருக்கு வருவோம். மாவு மில்லுக்குக் கடன் வாங்கிய ஒரு அக்கா, திங்களும் வெள்ளியும் மில்லைப் பூட்டிவிட்டு சிறுவாச்சூர் போய்விடுவார். மதுரகாளியம்மன் கோயில் வாரத்தில் அந்த இரண்டு நாள்தானே திறக்கிறது! குழுவில் சத்தம் வந்தது. "ஆத்தாவை விட மில்லு பெருசா?" என்று கேட்டார். பக்திக்கு நாம் குறுக்கே நிற்கவில்லை. ஒன்று மட்டும் கேட்டோம்: "நீங்க கோயிலுக்குப் போற நாள்ல மில்லை ஏன் பூட்டணும்? வீட்டில் வேறு ஆள் இல்லையா?"

ஆள் இருந்தது. கேட்கத்தான் கூச்சம். நமக்கு நேரம் இல்லாமல் போவது சாமியாலும் இல்லை, தொழிலாலும் இல்லை. சமையல், தண்ணீர், மாடு, பிள்ளை எல்லாம் ஒருத்தி தலையில் விழுவதால்தான். இதைக் குழுவில் வெளிப்படையாகப் பேசி, தீர்மானப் புத்தகத்திலும் எழுதினார்கள்.

இப்போது வெள்ளிக்கிழமை மில்லை அவர் வீட்டுக்காரர் பார்த்துக்கொள்கிறார். மாவு கொஞ்சம் கொரகொரவென்று இருக்கிறதாம். தவணை மட்டும் தேதி தவறாமல் வருகிறது.