பச்சை உடையில் இரண்டு பேர்

பிடித்த புத்தகத்தைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். நான் பேச வந்திருப்பது ஒரு காமிக்ஸ் தொடரைப் பற்றி.

1970-இல் அமெரிக்காவில், டிசி நிறுவனத்தின் 'கிரீன் லேன்டர்ன்' விற்பனையில் தள்ளாடிக்கொண்டிருந்தது. 76-ஆவது இதழில் எழுத்தாளர் டென்னிஸ் ஓ'நீலும் ஓவியர் நீல் ஆடம்ஸும் நாயகன் கிரீன் லேன்டர்னுக்குப் பக்கத்தில் கிரீன் ஏரோ என்ற இன்னொரு நாயகனைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். லேன்டர்ன் கையில் நினைத்ததைச் செய்துமுடிக்கும் மோதிரம் இருக்கிறது. மேலிடத்து உத்தரவை மீறத் தெரியாதவர். ஏரோ கையில் இருப்பது வில். சொத்தைப் பறிகொடுத்தவர், முன்கோபி. அநியாயத்துக்குச் சட்டம் துணைபோனால் அந்தச் சட்டத்தோடும் மோதுவார்.

முதல் கதையைக் கேளுங்கள். தெருவில் ஓர் இளைஞன் ஒரு கனவானைப் பிடித்துத் தள்ளுகிறான். லேன்டர்ன் பாய்ந்து வந்து கனவானைக் காப்பாற்றுகிறார். பாராட்டுவார்கள் என்று நிமிர்ந்தால், அந்தத் தெருவே அவர்மேல் குப்பையை வீசுகிறது! காப்பாற்றப்பட்டவர் அந்தத் தெருவில் உள்ள ஒரு பாழடைந்த கட்டடத்தின் சொந்தக்காரர். குடியிருக்கும் ஏழைகளை வெளியே துரத்தப்போகிறவர். ஏரோ நண்பரை உள்ளே அழைத்துப்போய்க் காட்டுகிறார். அங்கே ஒரு கறுப்பினப் பெரியவர் கேட்கிறார்: நீல நிறத்தாருக்காக வேலை செய்தாயே, வேற்றுக் கிரகத்து ஆரஞ்சு நிறத்தாருக்கு உதவினாயே, எங்களுக்கு என்ன செய்தாய்? பதில் சொல்ல முடியாமல் லேன்டர்ன் தலைகுனிந்து நிற்கிறார். அந்தப் பக்கத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

அப்படியானால் ஏரோதான் சரி, லேன்டர்ன் தவறு என்று கதை முடிந்துவிட்டதா? இல்லை நண்பர்களே. 1971-இல் வந்த 85, 86-ஆவது இதழ்களில் ஏரோ வளர்த்த பிள்ளை ராய் ஹெராயினுக்கு அடிமையாகிக் கிடக்கிறான். ஊராருக்கெல்லாம் நியாயம் கேட்டவர் வீட்டுக்குள் பார்க்கவில்லை. தெரிந்ததும் அணைத்துக்கொண்டாரா? அடித்து விரட்டினார். கைவிடப்பட்ட பிள்ளையைத் தாங்கிப் பிடித்தவர் பிளாக் கேனரி என்ற பெண். காமிக்ஸில் போதைப்பொருள் என்ற பேச்சே கூடாது என்றிருந்த தணிக்கை விதி அந்த ஆண்டில்தான் தளர்ந்திருந்தது. நியூயார்க் மேயர் ஜான் லிண்ட்சே அந்தக் கதையைப் பாராட்டிக் கடிதம் எழுதினார்.

இவ்வளவு இருந்தும் 89-ஆவது இதழோடு, 1972-இல், தொடரை நிறுத்திவிட்டார்கள். ஆனால் புத்தகத் தொகுப்புகளாக அது இன்றும் கிடைக்கிறது.

நண்பர்கள் என்றால் ஒத்த கருத்து வேண்டும் என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறோம். இந்த இரண்டு பேரும் பக்கத்துக்குப் பக்கம் சண்டை போடுகிறார்கள்; ஒரே பழைய வண்டியில் அமெரிக்காவைச் சுற்றி வருகிறார்கள். ஒருவர் சொன்னது உறைத்துத்தான் மற்றவர் திருந்துகிறார்.

நூலகப் பொறுப்பாளர்கள் முன்வரிசையில் இருக்கிறீர்கள். அடுத்த கொள்முதல் பட்டியலில் இந்தத் தொகுப்புக்கும் ஓர் இடம் கொடுங்கள். பெற்றோர்களே, பத்தாம் வகுப்புப் பிள்ளை கையில் இதைக் கொடுத்து, நீ யார் பக்கம் என்று கேளுங்கள். பிள்ளை சொல்லும் பதிலை உட்கார்ந்து கேளுங்கள்.